கார் லைற் பல்ப் போனால் நாங்களே மாற்றுவதா, வயரிங்காரரிடம் கொடுப்பதா?

காரின் வெளிப்பக்க லைற் ஒன்று எரியாமல் போனால் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். யாராவது பின்னால் வந்த ஓட்டோக்காரர் சொல்லும்வரை அது தெரியாது, தெரிந்த பிறகும் ஒரு கிழமை அப்படியே ஓடும், கடைசியில் பொலிஸ் மறித்ததும் நேரே வாகன மின்வேலை செய்கிற வயரிங்காரரிடம் போய் நிற்பார்கள். அவர் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டுக் கூலி சொல்லும்போது "இதுக்கா இவ்வளவு" என்று முகம் சுருங்கும். மற்றப் பக்கம், வீடியோ பார்த்துவிட்டுத் தாங்களே இறங்கி, ஹோல்டரின் கொழுவியை உடைத்துவிட்டு அதே வயரிங்காரரிடம் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலியோடு ஹோல்டர் காசும் சேர்ந்துவிடும்.

வழிகள் மூன்று: நாங்களே மாற்றலாம், தெருவில் இருக்கிற வயரிங்காரரிடம் கொடுக்கலாம், ஏஜென்சியின் சேர்விஸுக்குக் கொண்டுபோகலாம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. எந்த லைற், எந்தக் கார் என்று கேட்டால் பதில் உண்டு. என் கணக்கில் பின்பக்க பல்ப், நம்பர் பிளேற் பல்ப், பார்க்கிங் பல்ப் எல்லாம் வீட்டு வேலை. ஹெட்லைற் பாதிக்குப் பாதி. ஒரே பல்ப் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் அது வயரிங்காரரின் வேலை, அங்கே நாங்கள் மாற்றுவது வெறும் பல்ப் வியாபாரிக்கு உழைத்துக் கொடுப்பதுதான்.

முதலில் போனது பல்ப்தானா என்று பாருங்கள். ஒரு பக்கச் சிக்னல் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக டிக் டிக் என்று அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்ப் போய்விட்டது என்று அநேகமாக உறுதியாகச் சொல்லலாம். பிறேக் லைற் இரண்டு பக்கமும் ஒரேயடியாக எரியவில்லை என்றால் இரண்டு பல்பும் ஒரே நாளில் போவது அபூர்வம், பியூஸ் அல்லது பிறேக் பெடலுக்கு மேலே இருக்கிற சுவிட்சைச் சந்தேகியுங்கள். ஹெட்லைற்றில் ஒரு பக்கம் டிம்மும் பிறைற்றும் சேர்ந்து செத்துப்போனால் அங்கேயும் பியூஸைப் பாருங்கள், ஏனென்றால் பல கார்களில் இடது வலது ஹெட்லைற்றுக்குத் தனித்தனிப் பியூஸ். டிம் மட்டும் இல்லை, பிறைற் எரிகிறது என்றால் அநேகமாகப் பல்புக்குள் ஒரு இழை அறுந்திருக்கிறது. பிறேக் அடிக்கும்போது சிக்னல் லைற்றும் மங்கலாகச் சேர்ந்து மினுங்குகிறது என்றால் பல்பைத் தொடவே வேண்டாம், அது ஏர்த் பிழை, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற இணைப்பில் கோளாறு. இந்த ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தால் போதும், தேவையில்லாமல் மூன்று பல்ப் வாங்குவது மிச்சம்.

பின்பக்கத்துக்கு வருவோம். பின் லைற்றை மாற்றக் கூலி கொடுப்பது எனக்கு உண்மையில் விளங்காத விஷயம். 90களில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. அப்படியொரு ஊரில் இரண்டு ஸ்குறூவைக் கழற்றப் பயப்படுகிறோம். அல்டோ மாதிரிச் சின்னக் கார்களில் டிக்கிக் கதவைத் திறந்தால் பின் லைற்றைப் பிடித்திருக்கிற ஸ்குறூக்கள் கண்முன்னால் நிற்கும், கழற்றி லைற்றை நேரே பின்பக்கமாக இழுத்தால் கையோடு வரும். வேறு கார்களில் டிக்கிக்கு உள்ளே பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்து கையை விட்டால் ஹோல்டர் அகப்படும். ஹோல்டரை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால் பல்போடு வெளியே வந்துவிடும்.

பழைய பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், பெயர் சொல்லிக் கேட்டுத் தடுமாறவேண்டாம். ஆனாலும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. பித்தளை அடியும் பக்கத்தில் இரண்டு முளையும் உள்ளது பழைய வகை. அதைச் சற்று அமத்தித் திருப்பிக் கழற்றவேண்டும். அதில் முளை இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் ஒற்றை இழை, 21 வாற்ஸ், சிக்னலுக்கும் ரிவேர்ஸுக்கும் வருவது. முளை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இருந்தால் அது இரட்டை இழை, பார்க்கிங்குக்கு 5 வாற்ஸ், பிறேக்குக்கு 21 வாற்ஸ், இரண்டும் ஒரே கண்ணாடிக்குள். கடையில் இவற்றை 1156, 1157 என்றும் சொல்வார்கள். ஒன்றின் இடத்தில் மற்றதை வலுக்கட்டாயமாக நெருக்கினால் ஹோல்டர்தான் நாசமாகும். ஜப்பான் கார்களில் அடி இல்லாமல் வெறும் கண்ணாடியாகவே வரும் வகைதான் அதிகம். சின்னது ரி10, பெரியது ரி20. இதை நேரே இழுக்கவேண்டும், திருப்பக்கூடாது. சிக்னல் கண்ணாடி வெள்ளையாக இருந்தால் பல்ப் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கவேண்டும், கண்ணாடியே செம்மஞ்சள் என்றால் வெள்ளைப் பல்ப். அவ்வளவுதான் பாடம்.

யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு கூடுதல் வேலை உண்டு. பண்ணை, ஊர்காவற்றுறை, காரைநகர், வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் வீடு இருந்தால் பல்பைக் கழற்றிய கையோடு ஹோல்டருக்குள் ரோச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்றில் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அதைச் சின்ன சாண்ட்பேப்பர் துண்டால் சுரண்டித் துடைக்காமல் புதுப் பல்பைப் போட்டால் இன்றைக்கு எரியும், கார்த்திகை மாரி தொடங்க மறுபடியும் அணையும். லைற்றுக்கும் கார் பொடிக்கும் இடையில் இருக்கிற றப்பர் வளையம் சுருண்டு போய்விடாமல் திரும்பப் பொருத்துவதும் முக்கியம், அது பிசகினால் மழைத்தண்ணி உள்ளே நின்று பிறகு மீன்தொட்டி கணக்காக இருக்கும். இந்தத் துடைக்கிற வேலையை நாங்களே செய்தால்தான் ஒழுங்காக நடக்கும். வரிசையில் நாலு வாகனம் நிற்கிற இடத்தில் எந்த வயரிங்காரரும் அதற்கு மினக்கெடமாட்டார்.

ஹெட்லைற் கொஞ்சம் யோசிக்கவேண்டிய இடம். மாருதி, அல்டோ, ஹயஸ் வான் போன்றவற்றில் பெரும்பாலும் எச்4 பல்ப், 60/55 வாற்ஸ், ஒரே பல்புக்குள் பிறைற்றுக்கு ஒன்றும் டிம்முக்கு ஒன்றுமாக இரண்டு இழை, பின்னால் மூன்று தகடு. பொன்னெட்டைத் திறந்து, மூன்று தகட்டுச் சொக்கற்றை இழுத்து, றப்பர் மூடியை உரித்து, உள்ளே இருக்கிற கம்பிக் கொழுவியை அமத்தி விலக்கினால் பல்ப் வந்துவிடும். புதுப் பல்பில் மூன்று காது இருக்கும், அது ஒரே ஒரு விதமாகத்தான் இருக்கையில் உட்காரும், உட்காரவில்லை என்றால் நெருக்காமல் திருப்பிப் பாருங்கள். றப்பர் மூடியில் 'ரொப்' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் மேலே வரவேண்டும். கம்பிக் கொழுவிதான் சிலருக்குக் கண்ணீர் வரவைக்கும். கண்ணால் பார்க்கமுடியாத இடத்தில் விரலால் தடவிப் பூட்டவேண்டும் என்பதால், நல்லாக எரிகிற மற்றப் பக்கத்தை முதலில் எட்டிப் பார்த்து, கொழுவி எப்படிக் கிடக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு தொடங்குவது நல்லது. கைபேசியில் ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது.

ஹலோஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்பவர்கள் குறைவு. அந்தக் கண்ணாடி எரியும்போது சில நூறு பாகை சூடாகிறது. விரலில் உள்ள எண்ணெய் ஒட்டிய இடம் மட்டும் வேறுவிதமாகச் சூடேறி அந்த இடத்தில் கண்ணாடி பலவீனமாகி, பல்ப் சீக்கிரம் போகும், சிலவேளை வெடிக்கும். அடியைப் பிடித்துப் போடுங்கள். தவறித் தொட்டால் ஸ்பிரிற் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் போட்டால் சரி. லைற் எரிந்துகொண்டிருந்த கையோடு பல்பைக் கழற்றப் போகாதீர்கள், ஆறவிடுங்கள்.

இனி இந்த வேலை உங்களுக்குச் சரிவருமா என்று தீர்மானிக்க ஒரு சோதனை: பொன்னெட்டைத் திறந்து ஹெட்லைற்றின் பின்னால் கை போகிறதா பாருங்கள். கை தாராளமாகப் போனால் நீங்களே செய்யுங்கள். ஒரு பக்கம் பற்றரி மறிக்கிறது என்றால் 10ஆம் நம்பர் சாவி ஒன்று போதும், பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யலாம், மைனஸை முதலில் கழற்றவேண்டும், கடைசியில் பூட்டவேண்டும். ஆனால் சில புதிய கார்களில் மட்கார்ட்டுக்கு உள்ளே இருக்கிற பிளாஸ்ரிக்கை விலக்கி சில்லுப் பக்கத்தால் கையை விடவேண்டும், இன்னும் சிலவற்றில் முன் பம்பரையே கழற்றவேண்டும். அங்கே நிறுத்திவிடுங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதனால் எங்கள் றோட்டில் ஓடுகிறவற்றில் பெரும்பகுதி வயதான கார்கள். வயதான பிளாஸ்ரிக் கொழுவி வெயிலில் காய்ந்து மொறுமொறு என்று இருக்கும். பம்பர் கிளிப் ஒன்று உடைந்தால் அதைத் தேடி அலைகிற அலைச்சல் கூலியைவிடப் பெரிது.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் சிலர் பொன்னெட்டையே திறக்கப் பயப்படுகிறார்கள். ஹெட்லைற் பல்ப் சாதாரண 12 வோல்ற் இணைப்பில்தான் இருக்கிறது, அதை மாற்றலாம். செம்மஞ்சள் நிறத்தில் தடித்த வயர் போகும், அதுதான் உயர் அழுத்தம், அதன் பக்கம் கை போகவேண்டாம். உண்மையாகப் பயப்படவேண்டியது எச்ஐடி லைற்றுக்கு, அதாவது இழை இல்லாமல் வாயுவுக்குள் மின்பொறியால் எரிகிற வகைக்கு. ரொயோட்டா பிறிமியோ, அலியன் கார்கள் சிலவற்றில் இருக்கிறது. எரியத் தொடங்கும்போது அதற்குள் 20,000 வோல்ற்றுக்கு மேல் போகிறது, அந்தப் பல்பும் விலை கூட. அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பல ஹொண்டா வெசல் கார்களில் வருவதுபோல் தொழிற்சாலையிலேயே எல்ஈடி ஹெட்லைற் என்றால் மாற்றுவதற்குப் பல்பே கிடையாது. உள்ளே போய்விட்டால் முழு லைற்றையும் மாற்றவேண்டிவரும், அல்லது திறந்து திருத்தக்கூடிய கைகாரரைத் தேடவேண்டும்.

சரி, வயரிங்காரர். அவரிடம் நாங்கள் காசு கொடுக்கவேண்டியது பல்ப் மாற்றுவதற்கு இல்லை, பிழை பிடிப்பதற்கு. ஒரே பக்கப் பல்ப் சில மாதத்துக்கு ஒருமுறை போகிறது என்றால் அங்கே ஏதோ ஆடுகிறது, அல்லது தண்ணி போகிறது. எல்லாப் பக்கமும் மாறி மாறிப் போகிறது என்றால் பற்றரிக்குச் சேர்ஜ் ஏற்றுகிற ஓல்ற்றனேற்றர் கூடுதலாகச் சேர்ஜ் அடிக்கிறதா என்று அளக்கவேண்டும். என்ஜின் ஓடும்போது பற்றரியில் 14 வோல்ற் சொச்சம் காட்டுவது வழமை, 15ஐத் தாண்டினால் பிழை. வோல்ற் ஐந்து வீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இப்படிப்பட்ட பிழையை மீற்றரோடு வந்து பத்து நிமிடத்தில் பிடிக்கிற கைகாரர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. சொக்கற் உருகிக் கறுத்திருந்தாலும் அவரிடமே போங்கள், உருகிய சொக்கற்றுக்குப் புதுப் பல்பைப் போடுவது நெருப்புக்கு விளையாட்டுக் காட்டுகிற வேலை.

ஆனால் அவரிடம் இரண்டு விஷயத்தில் வாயைத் திறந்து சொல்லிவிடவேண்டும். ஒன்று, வயரை வெட்டி முறுக்கிக் கறுத்த ரேப் சுற்ற வேண்டாம், சரியான சொக்கற் போடுங்கள் என்று. மற்றது பல்ப். பல்பை நாங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது, இல்லையென்றால் டப்பாவில் கிடக்கிற பெயர் தெரியாத ஒன்று ஏறிவிடும். அதைவிடவும், "அண்ணை, எல்ஈடி போட்டு விடவோ, பகல் மாதிரி இருக்கும்" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஏஜென்சி சேர்விஸ் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. வாகனம் வொறண்டிக்குள் இருந்தால் போங்கள், பம்பர் கழற்றுகிற வேலை என்றால் யோசியுங்கள். சரியான பாகம் கிடைக்கும், காசும் கூட, நாளும் ஒதுக்கவேண்டும். ஒரு நம்பர் பிளேற் பல்புக்காக அங்கே முன்பதிவு செய்து காத்திருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இப்போது பல்ப். யார் மாற்றுவது என்பதைவிட எதைப் போடுவது என்பதில்தான் எங்கள் ஆட்கள் கூடப் பிழை விடுகிறார்கள். கடையில் நாலு தெரிவு இருக்கும்: சாதாரண ஹலோஜன், 'நூறு வீதம் கூடிய வெளிச்சம்' என்று போட்ட ஹலோஜன், 100/90 வாற்ஸ், பிறகு எல்ஈடி. சாதாரணம் என்றால் பிலிப்ஸ், ஒஸ்ராம், கொய்ற்றோ, ஸ்ரான்லி போன்ற தெரிந்த பெயரில் ஒன்று, பெட்டி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், போலியும் உலாவுகிறது. கூடிய வெளிச்சம் என்று வருபவை அதே வாற்ஸில் இழையைக் கூடச் சூடாக்கி வெளிச்சம் எடுப்பவை. வெளிச்சம் உண்மைதான், ஆயுள் குறைவதும் உண்மை. இரவில் அடிக்கடி கொழும்பு ஓடுகிறவர், கட்டுநாயக்காவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவர் அதை வாங்கலாம். கோயிலுக்கும் கடைக்கும் ஓடுகிற காருக்குத் தேவையில்லை.

100/90 ஐ நான் யாருக்கும் சொல்லமாட்டேன். 60 வாற்ஸ் பல்ப் 5 அம்பியர் எடுக்கும், 100 வாற்ஸ் 8க்கு மேல். கூடிய கரண்டைத் தாங்கும் தனி றிலே சுவிட்சும் தடித்த வயரும் இழுக்காமல் அதைப் போட்டால் சொக்கற் உருகும், சுவிட்ச் கருகும், லைற்றின் உள் வெள்ளி முலாம் மங்கும். கடைசியில் முன்னைவிடக் குறைந்த வெளிச்சம்.

எல்ஈடியில்தான் சண்டை வரும், வரட்டும். ஹலோஜனுக்கென்று செய்த ஹெட்லைற்றின் கண்ணாடியும் பின் வளைவும் அந்த இழை இருக்கிற துல்லியமான இடத்தைக் கணக்குப் பண்ணித்தான் வெளிச்சத்தை வெட்டுகின்றன. டிம்மில் இடது ஓரம் கொஞ்சம் உயர்ந்து, எதிரே வருபவரின் பக்கம் தாழ்ந்து இருப்பது அப்படி வருவதுதான். எல்ஈடியின் வெளிச்சப் புள்ளிகள் அதே இடத்தில், அதே அளவில் இல்லாவிட்டால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். ஓட்டுகிறவருக்குப் பொன்னெட்டுக்கு முன்னால் பகல் மாதிரித்தான் இருக்கும், ஆனால் தூரத்தில் விழவேண்டியது குறையும், எதிரே வருபவரின் கண் கூசும். பெட்டியில் வெளிச்ச அளவு 20,000 லூமன் என்று போட்டிருப்பதை நம்பவேண்டாம். ஒழுங்கான எச்4 ஹலோஜன் பிறைற்றில் ஏறத்தாழ 1,650, டிம்மில் 1,000 லூமன்தான், அதை வைத்துத்தான் இத்தனை காலம் ஏ9இல் ஆட்கள் ஓடினார்கள். பூநகரி வீதியிலோ ஆனையிறவு தாண்டியோ இரவில் ஓடியவர்களுக்குத் தெரியும், அங்கே ஆபத்து எதிரே வருகிற லொறி இல்லை. றோட்டில் படுத்திருக்கிற மாடும், பின்னால் மினுக்கி இல்லாத சைக்கிளில் வருகிற ஐயாவும்தான். எதிரே ஒரு எல்ஈடிக் கார் வந்து கண்ணைக் கட்டிவிட்டால் அந்தச் சில விநாடிகளில் ஐயாவைக் காணக்கிடைக்காது.

பார்க்கிங், நம்பர் பிளேற், காருக்குள் இருக்கிற லைற் போன்ற சின்ன ரி10 இடங்களில் எல்ஈடி போடுவதில் எனக்கு மறுப்பில்லை. சூடு குறைவு, நீண்டநாள் வரும். பின்பக்கம் போடுவதென்றால் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்ஈடி போடுங்கள், வெள்ளை போட்டால் வெளிறித் தெரியும். சிக்னலில் போட்டால் கரண்ட் எடுப்பது குறைவதால் பல்ப் போனதாக நினைத்துச் சிக்னல் வேகமாக அடிக்கும். அதற்குச் சிக்னலை மினுங்கவைக்கிற பிளாஷர் றிலேயை மாற்றுவது, அல்லது கரண்டைக் கூட எடுக்கவைக்கிற றெசிஸ்ரர் போடுவது என்று மேலும் ஒரு செலவு, அந்த றெசிஸ்ரரும் நன்றாகச் சூடாகும். 21 வாற்ஸ் சாதாரணப் பல்ப் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டுப் போவது புத்தி.

ஒன்று போனால் இரண்டையும் மாற்றவேண்டுமா என்பது கடைசிக் கேள்வி. பின்பக்கத்தில் தேவையில்லை. ஹெட்லைற்றில் மாற்றச் சொல்வேன். இரண்டும் ஒரே நாளில் ஏறியவை என்றால் மற்றதும் வழியனுப்புகிற வயதில்தான் இருக்கும், அதோடு பழைய ஹலோஜன் மங்கியிருப்பதால் ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் மஞ்சளுமாக ஓடவேண்டிவரும். மாற்றி முடித்ததும் பின்னேரம் இருட்டுப்படும் நேரத்தில் மதிலுக்கு முன்னால் காரை நிறுத்தி டிம்மைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெளிச்சத்தின் மேல் வெட்டு ஒரே உயரத்தில், ஒரே வடிவில் விழுந்தால் பல்ப் சரியாக உட்கார்ந்திருக்கிறது, ஒன்று மேலே ஏறிச் சிதறினால் அந்தப் பக்கக் காது இருக்கையில் ஏறவில்லை, கழற்றித் திரும்பப் போடுங்கள். இன்னும் எரிகிற பழைய பல்பை எறியவேண்டாம், புதுப் பல்பின் பெட்டியிலேயே சுற்றி டாஷ்போர்ட் பெட்டிக்குள் ஒரு 1157ஓடும் இரண்டு பியூஸோடும் வைத்துவிடுங்கள், மாங்குளத்தில் இரவு பதினொரு மணிக்குப் பாட்ஸ் கடை திறந்திருக்காது.